மந்திரத்தைக் கழித்தால் மிச்சம் என்ன? பதின்பருவக் காதல், ஃபேன்டசி நாவல்களைத் தேர்ந்தெடுக்க ஒரு வாசகியின் வழி

நான்கு வருடம் முன்பு, என் மகள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, போர்வை மடிக்கப் போன இடத்தில் அவள் தலையணைக்கு அடியில் ஒரு தடிப் புத்தகம் கிடைத்தது. கறுப்பு அட்டை. வெளுத்த இரண்டு கைகள், அவற்றில் ஒரு சிவப்பு ஆப்பிள். ‘ட்வைலைட்’, ரத்தக்காட்டேரிப் பையன் மேல் ஒரு பள்ளிக்கூடப் பெண் கொள்ளும் காதல் கதை. ஒளித்து வைத்துப் படிக்கிற அளவுக்கு இதில் என்ன இருக்கிறது என்று அவள் டியூஷன் போன நேரத்தில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டே நாளில் முடித்துவிட்டேன். மூன்றாம் நாள் காலை, கண்டிக்க வேண்டிய நானே, “ஏன்டி, அடுத்த பாகம் யார்கிட்ட இருக்கு?” என்று கேட்கும்படி ஆகிவிட்டது.

அதிலிருந்து திருச்சி–தஞ்சாவூர் ரயிலில், போகும்போது ஒரு மணி நேரம், வரும்போது ஒரு மணி நேரம், இந்த வகைப் புத்தகங்கள்தான். ஆபீஸில் முதலில் சிரித்தார்கள். இப்போது அவர்களே வந்து கேட்கிறார்கள். “என் பொண்ணு இதைப் படிக்கலாமாக்கா?” என்பது ஒரு கேள்வி. “நான் எதுல ஆரம்பிக்கலாம்?” என்பது இன்னொன்று. ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எழுதிவிடுகிறேன்.

எந்த அலமாரி என்று முதலில் பாருங்கள்

யங் அடல்ட், சுருக்கமாக ஒய்.ஏ., என்றால் ஏறக்குறைய 12 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்காக எழுதப்படுவது. நாயகிக்குப் பெரும்பாலும் 16 அல்லது 17 வயது இருக்கும். நம் காலத்தில் இப்படி ஓர் அலமாரியே கிடையாது. அம்புலிமாமாவிலிருந்து நேராக அம்மாவின் மாத நாவலுக்குத் தாவினோம். அதனாலோ என்னவோ, அட்டையில் டிராகனைப் பார்த்ததும் குழந்தைகள் புத்தகம் என்று நினைத்துவிடுகிறோம்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 2023இல் வந்து சக்கைப்போடு போட்ட ‘ஃபோர்த் விங்’ நாவலில் டிராகன் உண்டு, பயிற்சிக் கல்லூரி உண்டு. ஆனால் நாயகிக்கு வயது 20. படுக்கையறைக் காட்சிகள் வெளிப்படையாகவே வரும். அது பெரியவர்களுக்கான புத்தகம். ‘எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோஸஸ்’ கதை இன்னும் வேடிக்கை. 2015இல் அதை ஒய்.ஏ. என்றுதான் வெளியிட்டார்கள். 2020இல் அட்டையை மாற்றிப் பெரியவர்கள் பக்கம் நகர்த்திவிட்டார்கள். பழைய அட்டையோடு ஒரு பிரதி எங்காவது கிடைத்தால், அதைப் பார்த்து வயதைக் கணிக்க முடியாது. இப்போது ரொமான்டசி என்று ஒரு பெயர் எல்லா இடத்திலும் ஒட்டிக்கிடக்கிறது. அது காதலும் ஃபேன்டசியும், அதாவது மந்திர உலகக் கதையும், கலந்தது என்று மட்டும்தான் சொல்லும், யாருக்கானது என்று சொல்லாது.

என் வழி எளிது. பின்னட்டையில் நாயகியின் வயதைப் பாருங்கள். 18க்கு மேல் என்றால் கொஞ்சம் யோசியுங்கள். அப்புறம் கடையிலேயே நின்று, புத்தகத்தின் பாதியிலிருந்து முக்கால் பாகம் வரை புரட்டுங்கள். அந்த மாதிரிக் காட்சி இருந்தால் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

கழித்துப் பார்ப்பது

நான் இந்த நாவல்களை எடைபோடுவது ஒரே ஒரு கணக்கை வைத்துத்தான். மந்திரத்தை மனதுக்குள் கழித்துவிடுங்கள். அந்தக் காதல் நிற்கிறதா? அடுத்து, காதலைக் கழித்துவிடுங்கள், கதை நிற்கிறதா? இரண்டில் ஒன்றாவது நின்றால் பணம் கொடுத்து வாங்கலாம். இரண்டும் நின்றால் அலமாரியில் நிரந்தர இடம்.

‘ட்வைலைட்’டில் செய்து பார்ப்போம். எட்வர்ட் 1901இல் பிறந்தவன், 1918இல் ரத்தக்காட்டேரி ஆனவன், என்றைக்கும் 17. பெல்லாவுக்கும் 17. அவளுக்குத் தெரியாமல் இரவில் அவள் அறைக்குள் வந்து, அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். ரத்தக்காட்டேரி என்பதைக் கழியுங்கள். சுவரேறிக் குதித்து வந்து தூங்குகிற பெண்ணைப் பார்க்கும் ஒரு பையன்தான் மிச்சம். வேண்டாம் என்று சொல்கிற பெண்ணைத் தெருத் தெருவாகத் துரத்துவதையே காதல் என்று காட்டும் சினிமாவைப் பார்த்து வளர்ந்தவள் நான். எனக்கு அந்த இடம் தெரியும். ஆனாலும் இரண்டே நாளில் முடித்தேன் என்பதை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். முதன்முதலாக ஒருவன் மேல் பித்துப் பிடிக்கும்போது வயிற்றுக்குள் நடக்கிற கலவரம் அந்தப் புத்தகத்தில் சரியாக வந்திருக்கிறது. மகளுக்கு நான் தடை போடவில்லை. “இவன் காட்டேரியா இல்லாம பக்கத்துத் தெருப் பையனா இருந்தா என்ன பண்ணுவ?” என்று மட்டும் கேட்டேன். “போலீஸ்ல சொல்லுவேன்” என்றாள். சரி, போதும்.

‘ஹங்கர் கேம்ஸ்’ஸை எடுங்கள். 2008இல் வந்தது. மந்திரம் இல்லை, எதிர்காலக் கொடுங்கோல் நாடு. அங்கே பிள்ளைகளை ஒரு களத்தில் இறக்கி, ஒருவரையொருவர் கொல்லவிட்டு, அதை டிவியில் காட்டுகிறார்கள். ஆனால் அதே அலமாரியில்தான் இருக்கும். பட்டினியில் கிடந்த நாயகி காட்னிஸுக்கு, பேக்கரி வீட்டுப் பையன் பீட்டா வேண்டுமென்றே ரொட்டியைக் கருகவிட்டு, அதற்காகத் தன் அம்மாவிடம் அடியும் வாங்கிக்கொண்டு, மழையில் தூக்கிப் போடுகிறான். அவளுக்கு அப்போது 11 வயது. அந்த விளையாட்டுக் களம், ஆயுதங்கள், கேமராக்கள் எல்லாவற்றையும் கழித்துவிட்டாலும் அந்த ரொட்டி மிஞ்சும். இன்னொரு பக்கம், காதலைக் கழித்தால் அந்தக் கதை நடக்கவே நடக்காது. பார்க்கிறவர்கள் உருகினால்தான் களத்தில் இருப்பவர்களுக்கு மருந்தும் சாப்பாடும் பாராசூட்டில் வரும். அதற்காகத்தான் அவள் காதலிப்பதுபோல் நடிக்கிறாள். காதல் அங்கே உயிர் பிழைக்கும் வழி.

எனக்கு மிகவும் பிடித்த காதல், ‘சிக்ஸ் ஆஃப் க்ரோஸ்’ நாவலில் காஸுக்கும் இனெஜுக்கும் நடுவில் இருப்பது. 2015இல் முதல் பாகம், அடுத்த வருடம் இரண்டாவது, அத்தோடு முடிந்தது. காஸ் எப்போதும் கையுறை போட்டிருப்பான். சிறுவயதில் பட்ட ஒன்றால் இன்னொருவர் தோல் பட்டாலே அவனுக்கு உடம்பு நடுங்கும். இரண்டாம் பாகத்தில், இனெஜின் காயத்துக்குக் கட்டு மாற்றிவிடுவதற்காகக் கையுறையைக் கழற்றுகிறான். அவ்வளவுதான் காட்சி. அதைப் படித்த அன்று என்னோடு இறங்க வேண்டியவர்கள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். பெட்டி காலியானது கூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். ஒரு குறை உண்டு. பதினேழு வயதுப் பையன் ஒரு துறைமுக நகரத்தின் திருட்டுக் கும்பலையே ஆட்டிவைக்கிறானாம். அவன் பேச்சைக் கேட்டால் நாற்பது வயது வட்டிக்கடைக்காரர் பேசுவதுபோல் இருக்கிறது. எல்லாருக்கும் பத்து வயது கூட்டிப் படித்துக்கொள்ளுங்கள், சரியாகிவிடும்.

எதிரிகள் காதலர்கள் ஆகிற கதைகள் இப்போது ஏராளம். இவற்றில் கவனம் வேண்டும். எதிரி என்றால் என்ன செய்தான்? அவன் வேறு நாட்டுக்காரன், அவள் வேறு நாட்டுக்காரி, சரி. அவளைக் கூட்டம் சேர்த்து அவமானப்படுத்தினான் என்றால் அது வேறு. 2018இல் வந்த ‘தி க்ரூயல் பிரின்ஸ்’ இந்த இரண்டாவது ரகம். என் மகளும் நானும் இன்றுவரை சண்டை போடுகிற புத்தகம் அது. நாயகியை அவமானப்படுத்துகிற இளவரசன் கார்டன் மன்னிக்கத் தக்கவனா என்பதில் நான் இன்னும் இறங்கி வரவில்லை. ஆனால் அந்தக் கதையில் தேவதை இனத்துக்குப் பொய் சொல்ல முடியாது, அங்கே வளர்கிற மனிதப் பெண் ஜூடுக்கு முடியும் என்று ஒரு விதி இருக்கிறது பாருங்கள், அது பிரமாதம். பலவீனமானவள் என்று எல்லாரும் நினைக்கிற பெண்ணிடம் இருக்கும் ஒரே ஆயுதம் பொய். காதலை முழுதாகக் கழித்துவிட்டாலும் அந்த அரண்மனைச் சதி விறுவிறுப்பு குறையாமல் நிற்கும். அதற்காக வாங்கலாம்.

மந்திரமே வேண்டாம், காதல் மட்டும் போதும் என்பவர்களுக்கு 2014இல் வந்த ‘டு ஆல் தி பாய்ஸ் ஐ’வ் லவ்டு பிஃபோர்’. தொப்பிப் பெட்டிக்குள் ஒரு பெண் ஒளித்து வைத்திருந்த காதல் கடிதங்கள் எப்படியோ தபாலில் போய்விடுகின்றன. சமாளிப்பதற்காக ஒரு பையனோடு போலிக் காதல் ஒப்பந்தம். இதில் காதலைக் கழித்துப் பாருங்கள். அம்மா இல்லாத வீட்டில் மூன்று சகோதரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளும் கதை மிஞ்சும். எனக்கு அந்தப் பையனைவிட அந்தக் கடைக்குட்டி கிட்டியைத்தான் பிடித்தது.

பெயர்கள் மண்டையைக் குழப்பினால்

முதல் இருபது பக்கத்தில் பத்து ஊர், பதினைந்து பெயர், ஒரு வரைபடம். பாதிப் பேர் இங்கேயே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். வரைபடத்தை விட்டுவிடுங்கள். வீட்டில் நாள்காட்டி இருக்கும், அதில் கிழித்த தாள் ஒன்றை எடுத்து அதன் பின்பக்கத்தில் நான்கு பெயர் மட்டும் எழுதுங்கள். யார், யாருக்கு என்ன வேண்டும், அவ்வளவே. அதையே பக்க அடையாளமாகவும் வைத்துக்கொள்ளலாம். ஐந்தாவது ஆள் முக்கியமானவனாக இருந்தால் அவனே மறுபடி வருவான். ‘சிக்ஸ் ஆஃப் க்ரோஸ்’ஸின் முதல் அத்தியாயத்தில் வரும் காவலாளியை நம்பி அரைத் தாள் குறிப்பு எடுத்தவள் சொல்கிறேன்.

ஐம்பதாவது பக்கத்தில் நின்று அந்தத் தாளைப் பாருங்கள். நாயகிக்கு என்ன வேண்டும் என்று உங்களால் ஒரு வரி எழுத முடியவில்லையா? “அவள் யாரையும் போன்றவள் அல்ல” என்று மட்டும்தான் தெரிகிறதா? மூடிவிடலாம். பாவமே இல்லை.

அத்தியாயத்துக்கு ஒருவர் சொல்கிற கதைகளில் இன்னொன்று செய்யலாம். தலைப்பில் இருக்கும் பெயரைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு ஒரு பக்கம் படியுங்கள். பேசுவது யார் என்று தெரிய வேண்டும். ‘டைவர்ஜென்ட்’ வரிசையின் கடைசிப் பாகத்தில் (2013) திடீரென்று இரண்டு பேர் மாறி மாறிச் சொல்ல ஆரம்பிக்கிறார்கள். எனக்கு யார் எவர் என்று தெரியாமல் பல தடவை பின்னால் புரட்ட வேண்டியிருந்தது.

வாங்குவது

முதல் பாகத்தை மட்டும் வாங்குங்கள். ஐந்து புத்தகப் பெட்டி தள்ளுபடியில் கிடைக்கிறது என்று நான் ஒரு தடவை வாங்கி, முதல் பாகத்தின் நூறாவது பக்கத்தில் நின்றுவிட்டேன். மீதி நான்கும் இன்னும் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் பீரோ மேல் இருக்கின்றன. தொடர் முடிந்துவிட்டதா என்றும் பாருங்கள். கத்தி முனையில் கதையை நிறுத்திவிட்டு இரண்டு வருடம் காக்க வைப்பது இவர்களுக்கு வழக்கம்.

நடைபாதையிலும் இணையத்திலும் பாதி விலைக்கு வருபவை பல சமயம் திருட்டு நகல்கள். இணையத்தில் ஒருவரிடம் அப்படி வாங்கிய ஒன்றில், நாயகன் வாயைத் திறந்து மனதைச் சொல்லப் போகிற இடத்தில் பதினாறு பக்கம் இல்லை. தாள் மெலிதாக, எழுத்து மங்கலாக, அட்டையின் ஓரம் லேசாகக் கோணலாக இருந்தால் தொடாதீர்கள்.

முதன்முதலாக ஒன்றே ஒன்று வாங்குகிறேன் என்பவர்களுக்கு நான் கொடுப்பது 1986இல் வந்த ‘ஹௌல்ஸ் மூவிங் காஸில்’. மூன்று பெண்களில் மூத்தவளான சோஃபி, மூத்தவளாகப் பிறந்தால் உருப்பட மாட்டோம் என்று நம்பிக்கொண்டு தொப்பிக் கடையில் ஊசி நூலோடு உட்கார்ந்திருக்கிறாள். ஒரு சூனியக்காரி அவளைக் கிழவியாக மாற்றிவிடுகிறாள். கிழவி ஆனதும்தான் அவளுக்கு வாயே திறக்கிறது! முடிச்சாயம் சரியாக வரவில்லை என்று பச்சைச் சளி ஒழுக அழுகிற மந்திரவாதி ஹௌலை அதட்டி, அவன் வீட்டைப் பெருக்கி, அடுப்பில் இருக்கும் நெருப்புப் பூதத்தோடு பேரம் பேசுகிறாள். எங்கள் ஆபீஸில் இதை இரவல் வாங்கிப் போனவர் வீட்டுக்கு மூத்த மகள், இரண்டு தங்கைகளுக்குக் கல்யாணம் செய்துவைத்தவர். திருப்பிக் கொடுக்கும்போது ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் சொந்தமாக ஒரு பிரதி வாங்கிக்கொண்டு வந்து, என் பிரதியில் எந்தெந்த வரிக்கு அடிக்கோடு போட்டிருந்தேன் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.