ஆர் (R) மென்பொருள் டேட்டாபேஸோடு இணைய மறுக்கிறதா? பாஸ்வேர்டை விட்டுவிட்டு இதைப் பாருங்கள்

யூசர்நேம் சரி, பாஸ்வேர்டு சரி, சர்வர் பெயரும் சரி. ஆனாலும் இணைப்பு கிடைக்கவில்லை. முதன்முதலில் இதில் மாட்டிக்கொண்டபோது ஒரு முழு மதியம் பாஸ்வேர்டையே மாற்றி மாற்றி அடித்துக்கொண்டிருந்தேன். கோளாறு அங்கே இல்லவே இல்லை. விண்டோஸில் ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளை ஓடிபிசி (ODBC, டேட்டாபேஸ்களோடு பேசுவதற்கான பொது வழி) மூலம் டேட்டாபேஸோடு இணைப்பவர்கள் கீழே உள்ள வரிசையிலேயே போங்கள். நடுவில் தாவ வேண்டாம்.

படி 1: பிட் பொருந்துகிறதா?

பாதி அழுகை இங்கேதான். ஆர் 4.2 பதிப்பிலிருந்து (2022) விண்டோஸில் 64 பிட் மட்டும்தான். அதனால் டிரைவரும் (ஓடிபிசிக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவே பேசும் சிறு மென்பொருள்) 64 பிட்டாக இருந்தாக வேண்டும். ஸ்டார்ட் மெனுவில் ஓடிபிசி என்று தேடினால் 32 பிட், 64 பிட் என இரண்டு வரும். 32 பிட்டில் சிஸ்டம் டிஎஸ்என் (DSN, இணைப்பு விவரங்களைச் சேமித்து வைக்கும் பெயர்) உருவாக்கிவிட்டு ஆரில் அழைத்தால், 'அப்படி ஒரு பெயரே இல்லை' என்று ஐஎம்002 பிழை வரும். பெயர் கண்ணெதிரே இருக்கும், ஆனால் இல்லையாம்! இதில் ஒரு கூத்து: 64 பிட் கருவி இருப்பது சிஸ்டம்32 ஃபோல்டரில்.

படி 2: டிரைவர் பெயர்

ஆரில் ஓடிபிசி பேக்கேஜை ஏற்றி, டிரைவர்களின் பட்டியலை எடுங்கள். பெயரைக் கையால் அடிக்காமல் அங்கிருந்து காப்பி செய்யுங்கள். போஸ்ட்கிரெஸ் (PostgreSQL) டேட்டாபேஸுக்கான டிரைவரின் பெயரில் 'யூனிகோடு' என்பதற்கும் அடுத்து வரும் அடைப்புக்குறிக்கும் நடுவே இடைவெளி கிடையாது. அங்கே ஒரு ஸ்பேஸ் விழுந்தாலும் அதே ஐஎம்002தான். பக்கத்திலேயே 'ஆன்சி' என்று இன்னொன்று இருக்கும். அதைத் தொடாதீர்கள், தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக வரக்கூடும்.

படி 3: ஆரை மூடிவிட்டுச் சோதியுங்கள்

டிஎஸ்என் அமைக்கும் பெட்டியிலேயே டெஸ்ட் பட்டன் இருக்கும். அங்கேயே தோற்றால் ஆர் மேல் பழி இல்லை, படி 4-க்குப் போங்கள். அங்கே ஜெயித்து ஆரில் மட்டும் தோற்றால் படி 1, 2-க்கே திரும்புங்கள்.

படி 4: போர்ட்

போர்ட் என்பது சர்வரில் டேட்டாபேஸ் காத்திருக்கும் வாசலின் எண். போஸ்ட்கிரெஸுக்கு வழக்கமாக 5432, மைஎஸ்க்யூஎல்லுக்கு 3306, எஸ்க்யூஎல் சர்வருக்கு 1433. வெகுநேரம் காத்திருந்து டைம்அவுட் ஆனால் பெரும்பாலும் ஃபயர்வால் தடுக்கிறது. உடனே மறுத்தால் அந்த போர்ட்டில் பெரும்பாலும் எந்த டேட்டாபேஸும் காத்திருக்கவில்லை. எஸ்க்யூஎல் சர்வரில் போர்ட்டுக்கு முன் கமா போட வேண்டும், கோலன் அல்ல. அதன் 18-ஆம் பதிப்பு டிரைவர் தானாகவே என்கிரிப்ஷனைக் கேட்கும். பழைய டிரைவரில் ஓடியது திடீரென்று சான்றிதழ் பிழை காட்டினால் காரணம் இதுதான்.

படி 5: பத்தே வரிகள்

இணைந்ததும் மொத்த டேபிளையும் இழுக்காதீர்கள். பத்து வரி எடுத்து, நீளமான அடையாள எண்களை மூலத்தோடு ஒப்பிடுங்கள். ஆரின் சாதாரண எண் வகை 9,007,199,254,740,992 வரைதான் முழு எண்களைப் பிசகாமல் காக்கும். அதைத் தாண்டினால் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் மாறலாம், பிழைச்செய்தி எதுவும் வராது. அப்படிப்பட்ட எண்களை க்வெரியிலேயே எழுத்து வகைக்கு மாற்றி எடுத்துவிடுங்கள்.