ஒழுங்குக் கமிட்டியைக் கையில் வாங்கும்போது

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையில் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்தாட்டத்துக்கு இந்த வருஷம், தப்பாட்டத்துக்குத் தடை போடும் ஒழுங்குக் கமிட்டியை என் தலையில் கட்டினார்கள். முதலில் பழைய தண்டனைகளை எழுதிய நோட்டை வாங்குங்கள். டீக்கறை படிந்த எங்கள் நோட்டில் முழங்கை இடிக்கு இரண்டு ஆட்டம் தடை. ஆள் மாறினாலும் அது மாறக்கூடாது.

அப்புறம், காரணத்தை வீடியோவோடு சொல்லுங்கள். வட அமெரிக்காவின் என்.எச்.எல். ஐஸ் ஹாக்கி லீகில் 2011-இல், தடை விதிக்கும் வீரர் பாதுகாப்புத் துறையின் தலைவரான பிரெண்டன் ஷானஹான் அப்படித்தான் செய்தார். 2014-இல் ஸ்டெஃபான் கின்டால், 2017-இல் ஜார்ஜ் பாரோஸ் வந்தும் வீடியோ நிற்கவில்லை. பாரோஸ் களத்தில் கைகலப்புக்குப் பேர்போனவர். பாம்பின் கால் பாம்பறியும்!

ஐந்து ஆட்டத்துக்கு மேல் தடை போகும் என்றால் அங்கே வீரரை நேரில் பேச அழைப்பார்கள். எங்களுக்கு டீக்கடை பெஞ்சு போதும்.

மாட்டியது சொந்த மச்சானா? சரி, எழுந்து வெளியே போய்விடுங்கள்.