இந்திய சிம்மைக் கைவிடும் முன் வங்கிக் கணக்கைப் பாருங்கள்

வேலைக்காக வெளிநாடு வந்தவர்கள் ஊரில் உள்ள சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்க ஃபெமா (அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம்) விதிகள் இடம் தருவதில்லை. வங்கிக்குத் தெரிவித்து, வெளிநாடுவாழ் இந்தியர் தம் இந்திய வருமானத்தை வைத்துக்கொள்ளும் என்ஆர்ஓ கணக்காக மாற்றிவிடுங்கள். இங்கே சம்பாதித்து அனுப்பும் பணத்துக்கு என்ஆர்இ கணக்கு தனியாகத் தொடங்குங்கள். அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. என்ஆர்ஓ வட்டியிலோ 30 சதவீதத்துக்கு மேல் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள்.

இவ்வளவையும் வங்கியே சொல்லிவிடும். கைபேசி எண்ணைப் பற்றித்தான் யாரும் வாய் திறப்பதில்லை.

என் நண்பருக்குச் சிறிய வங்கி ஒன்றில் கணக்கு. அவருடைய அப்பாவைக் கண்டதும் மேலாளர் எழுந்து வணக்கம் சொல்லும் கிளை. அந்தப் பழக்கத்தை நம்பி எதையும் மாற்றாமல் வந்துவிட்டார். ரீசார்ஜ் செய்யாத இந்திய எண் போய்விட்டது. பின்னாளில் தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்காகக் இணையத்தில் கணக்குக்குள் நுழையப் பார்த்தால், ஓடிபி அந்த எண்ணுக்கே போகிறது. வாடிக்கையாளர் சேவை மையத்தை அழைத்தால், “பதிவு செய்த எண்ணிலிருந்து கூப்பிடுங்கள்” என்கிறார்கள். அந்த எண் இல்லை என்பதற்காகத்தானே கூப்பிடுகிறார்! அப்பா கிளைக்குப் போனார். கணக்கு மகன் பெயரில் இருக்கிறது, அவரே வர வேண்டும் என்று அதே மேலாளர் திருப்பி அனுப்பினார். வயதானவரை அப்படி அலையவிட்டது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதற்குள் கணக்கும் செயலற்றதாகியிருந்தது. வாடிக்கையாளராக நாம் எந்தப் பரிவர்த்தனையும் செய்யாமல் இரண்டு ஆண்டுகள் கடந்தால் அப்படித்தான் ஆகும். வங்கி தானாக வரவு வைக்கும் வட்டியை நம் பரிவர்த்தனையாகக் கருதமாட்டார்கள். வட்டி ஏறிக்கொண்டிருக்கிறதே என்று நண்பர் நிம்மதியாக இருந்துவிட்டார்.

ஆகவே என்ஆர்ஓ படிவம் கொடுக்கும்போதே வெளிநாட்டு எண்ணையும் மின்னஞ்சலையும் பதிவு செய்யுங்கள். புதிய எண்ணுக்கு ஓடிபி வந்ததைக் கண்ணால் பார்க்கும்வரை இந்திய சிம்மை விடாதீர்கள். வீட்டில் யாரிடமாவது சொல்லி ரீசார்ஜ் செய்யச் சொல்லுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது சிறு தொகை ஒன்றைப் போடுங்கள், எடுங்கள்.

வங்கியோடு சிக்கல் வந்தால் புகாரை மின்னஞ்சலில் அனுப்பிப் புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தொலைபேசியில் தரும் உறுதிக்கு எழுத்தில் சாட்சி இருக்காது. 30 நாட்களில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே முறையிடலாம், கட்டணம் கிடையாது. செயலற்ற கணக்கை மீண்டும் இயக்கவும் வங்கி கட்டணம் வாங்கக் கூடாது, கேட்டால் தராதீர்கள்.