சக்கர நாற்காலியோடு வெளியூர் பயணமா? முதலில் டேப்பை எடுங்கள்

விடுதிக்குப் போன் போட்டு "வீல்சேர் வசதி இருக்கா?" என்று கேட்டால் பெரும்பாலும் "இருக்கு" என்றுதான் பதில் வரும். அவர்கள் ஏமாற்ற வேண்டும் என்று சொல்வதில்லை, லிஃப்ட் இருந்தாலே வசதி இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி ஒரு பதிலை நம்பி நானும் ஓர் இடத்துக்குப் போனேன். வாசலில் படி இல்லை, அறையும் பெரிது, ஆனால் குளியலறைக் கதவு உள்பக்கமாகத் திறக்கிற மாதிரி வைத்திருந்தார்கள். நாற்காலி உள்ளே போய்விட்டால் கதவைச் சாத்த முடியாது. இரண்டு நாளும் கதவைத் திறந்து வைத்துத்தான் குளித்தேன், கூட வந்தவர்கள் அந்த நேரமெல்லாம் வராந்தாவில் நின்றார்கள். அதற்கப்புறம் நான் "இருக்கா" என்று கேட்பதே இல்லை, "எத்தனை சென்டிமீட்டர்" என்றுதான் கேட்கிறேன்.

முதலில் உங்கள் நாற்காலியை அளந்துகொள்ளுங்கள். அகலம் எடுக்கும்போது சக்கரத்தோடு நிறுத்தாமல், கைவளையத்தைப் பிடித்துத் தள்ளும்போது வெளியே துருத்தி நிற்கும் விரல் முட்டியையும் சேர்த்து அளக்க வேண்டும். கால்பலகையிலிருந்து பின்சக்கரம் வரை நீளம், மெத்தையோடு சேர்த்து இருக்கையின் உயரம், மொத்த எடை, இவற்றையும் போனில் குறித்து வையுங்கள்.

சரி, இப்போது விடுதிக்காரரிடம் கேளுங்கள். கதவு அகலம் என்று பொதுவாகக் கேட்டால் நிலையின் அகலத்தைச் சொல்லிவிடுவார்கள். கதவை முழுசாகத் திறந்தபின் மிஞ்சுகிற இடைவெளிதான் நமக்கு வேண்டும், அது 80 செ.மீ. இருந்தால் பெரும்பாலான நாற்காலிகள் போய்விடும். உள்ளே ஒரு முழுச்சுற்றுத் திரும்ப 150 செ.மீ. விட்டமுள்ள வெற்றிடம் தேவை. கட்டில் உயரம் உங்கள் இருக்கையின் உயரத்துக்குக் கிட்டத்தட்ட இருந்தால்தான் மாறி உட்கார எளிது. கழிப்பறைப் பீடத்தின் எந்தப் பக்கம் இடம் விட்டிருக்கிறது என்பதையும் கேளுங்கள், ஒரு பக்கக் கை மட்டும் பலமுள்ளவர்களுக்கு அந்த ஒரு விஷயமே போவதா வேண்டாமா என்பதைத் தீர்மானித்துவிடும்.

சாய்தளம் இருக்கிறது என்றால் அதன் நீளத்தைக் கேளுங்கள். பரவலாக ஏற்றுக்கொண்ட கணக்கு 1:12, அதாவது 15 செ.மீ. உயரமுள்ள ஒரே ஒரு படிக்குக்கூட 180 செ.மீ. நீளச் சாய்தளம் வேண்டும். இரண்டு படிக்கு ஒரு மீட்டர் பலகையைப் போட்டு வைத்திருந்தால் அதைச் சாய்தளம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதில் ஏறும்போது நாற்காலி பின்பக்கமாகக் கவிழும். வாயால் சொல்வதை மட்டும் நம்பாமல் படம் அனுப்பச் சொல்லுங்கள், கேட்கக் கூச்சமே வேண்டாம். 2006இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30ஆவது பிரிவு, சுற்றுலா இடங்களும் நமக்கு எட்ட வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறது.

விமானம் என்றால் டிக்கெட் போடும்போதே சொல்லிவிடுங்கள், குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்னாலாவது. எவ்வளவு உதவி தேவை என்பதைக் காட்ட மூன்று குறியீடுகள் உண்டு: தூரம் மட்டும் நடக்க முடியாதவருக்கு டபிள்யூ.சி.எச்.ஆர்., படியும் ஏற முடியாதவருக்கு டபிள்யூ.சி.எச்.எஸ்., இருக்கை வரைக்குமே உதவி தேவைப்படுபவருக்கு டபிள்யூ.சி.எச்.சி. உங்கள் டிக்கெட்டில் எது ஏறியிருக்கிறது என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் தப்பான எழுத்து ஏறிவிட்டால் விமானத்துக்குள் கொண்டுபோகும் குறுகிய நாற்காலி வராமல் வாசலிலேயே காத்திருக்க வேண்டிவரும். மின் நாற்காலியின் லித்தியம் பேட்டரி எத்தனை வாட்-அவர் என்றும் கேட்பார்கள். வோல்ட்டை ஆம்பியர்-அவரால் பெருக்கினால் கிடைத்துவிடும், 24 வோல்ட், 10 ஆம்பியர்-அவர் என்றால் 240. கழற்றக்கூடிய ஒற்றை பேட்டரிக்கு வழக்கமான வரம்பு 300. கழற்றியதைச் சரக்கில் போடக் கூடாது, கையோடு உள்ளே கொண்டுபோக வேண்டும். மெத்தை, பக்கத் தகடு, ஜாய்ஸ்டிக் என்று கழன்று வருகிற எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, நாற்காலியைச் சரக்கில் ஏற்றுபவர்களுக்காக, பிரேக்கை விடுவிப்பது எப்படி என்று பெரிய எழுத்தில் எழுதி அதிலேயே கட்டிவிடுங்கள். நாற்காலியை விமான வாசலிலேயே திருப்பித் தரச் சொல்லுங்கள்.

நாற்காலி இல்லாதவர்களுக்கும் இதே வழிதான். காது கேளாதவர் என்றால் தீ எச்சரிக்கைக்கு அறையில் விளக்கு மின்னுமா, பார்வையில்லாதவர் என்றால் லிஃப்ட் பொத்தானில் பிரெய்ல் இருக்கிறதா, மாடி எண்ணைக் குரலில் சொல்கிறதா என்று கேட்க வேண்டும். வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர்களுக்குச் சூரியகாந்திப் பூ போட்ட கழுத்துப்பட்டை உண்டு. 2016இல் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் தொடங்கியது, இப்போது பல நாட்டு விமான நிலையங்களில் அதைப் பார்த்ததும், போட்டிருப்பவருக்கு உதவி தேவைப்படலாம் என்று தெரிந்துகொள்கிறார்கள்.

இவ்வளவு கேட்டும் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். அதைச் சொல்ல ஏற்கெனவே அங்கே போய்வந்த நம் ஆட்களால்தான் முடியும். 2010இல் ஜெர்மனியில் தொடங்கிய வீல்மேப் என்ற வரைபடத்தில் யார் வேண்டுமானாலும் ஓர் இடத்துக்குக் குறி போடலாம், நாற்காலி தாராளமாகப் போகும் என்றால் பச்சை, ஓரளவு என்றால் ஆரஞ்சு, போகாது என்றால் சிவப்பு, போகும் முன் அதைப் பார்த்துவிடுங்கள். திரும்பி வந்தபின் நீங்களும் எழுதுங்கள். "அருமையான இடம்" என்று எழுதினால் அடுத்தவருக்குப் பிரயோஜனமில்லை. "குளியலறைக் கதவு 74 செ.மீ., வெளிப்பக்கம் திறக்கும், பீடத்துக்கு இடப்பக்கம் இடம் உண்டு" என்று எழுதினால் ஒருவர் அதை வைத்தே டிக்கெட் போட்டுவிடுவார். போன தேதியையும் சேருங்கள். படம் எடுக்கும்போது டேப்பை வைத்தே எடுங்கள், எண் தெளிவாகத் தெரிகிற மாதிரி.