வெள்ளியங்கிரி ஏறப் போகிறீர்களா? பாதையில் நடந்துகொள்ளும் முறை

கோவை பூண்டி அடிவாரத்திலிருந்து ஏழு மலை தாண்டி ஆண்டவரைப் பார்க்கப் போகும் பாதையை வனத்துறை கோடையை ஒட்டிய சில மாதங்களுக்குத்தான் திறந்துவிடுகிறது. சிவராத்திரி, சித்ரா பௌர்ணமி சமயத்தில் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் அதே குறுகிய வழியில்தான் உரசிக்கொண்டு போகவேண்டும். முதல் தடவை போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. உடம்பைப் பாருங்கள். இதயக் கோளாறு, மூச்சுத்திணறல் இருந்தால் ஏற வேண்டாம். இந்த மலையில் நெஞ்சடைத்து இறந்தவர்கள் உண்டு.

2. அடிவாரத்தில் பையைச் சோதிப்பார்கள். பிளாஸ்டிக் கவரில் இருக்கும் தின்பண்டங்களை முன்பே துணிப்பைக்கோ டப்பாவுக்கோ மாற்றிவிட்டால் வரிசை தேங்காது.

3. மூங்கில் தடி அவசியம். ஆனால் அதைத் தோளில் குறுக்காகப் போட்டு நடக்காதீர்கள். திடீரென்று திரும்பினால் பின்னால் வருகிறவர் முகத்தில்தான் இடிக்கும். தடி எப்போதும் செங்குத்தாக, முன்னங்காலுக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

4. வழி விடுவதுதான் முக்கியம். மூச்சு வாங்க ஏறுகிறவர் நின்றால் மறுபடி கால் எடுத்து வைப்பது கஷ்டம். அதனால் இறங்குகிறவர்தான் ஒதுங்க வேண்டும். எந்தப் பக்கம் ஒதுங்குவது? மலைச் சரிவை ஒட்டிய உள்பக்கம். பள்ளத்துப் பக்கம் நின்றால், பை லேசாக இடித்தாலே போதும், நிலை தவறிவிடும். முந்திப் போகவேண்டுமா? "சாமி, கொஞ்சம் வழி" என்று குரல் கொடுங்கள். அவர் ஒதுங்கி நின்ற பிறகு போங்கள். இளைப்பாற உட்காருவதென்றால் படியில் வேண்டாம், ஓரமாக ஒரு பாறை பாருங்கள். முதல் மலைப் படிகளில் நடுவில் உட்காருகிறவர்களால்தான் பாதி நெரிசல்!

5. இரவில் டார்ச்சைத் தரையில் அடியுங்கள். எதிரே வருகிறவர் கண்ணில் வெளிச்சம் பட்டால் அடுத்த சில அடிகள் அவருக்குக் குருட்டு நடைதான். காலில் பட்டு கல் உருண்டால் கூச்சப்படாமல் "கல்லு! கல்லு!" என்று கத்துங்கள்.

6. இது யானைக் காடு. தனியாகக் குறுக்குவழியில் இறங்காதீர்கள். ஸ்பீக்கரில் பாட்டு வைத்தால் புதருக்குள் கிளை முறியும் சத்தம் உங்களுக்கும் கேட்காது, பக்கத்தில் நடப்பவருக்கும் கேட்காது.

7. இறங்கும்போது முட்டி நடுங்கும். ஓடாதீர்கள்; தடியை முதலில் கீழ்ப்படியில் ஊன்றி, அப்புறம் காலை வையுங்கள். உங்கள் கூட்டத்தில் யார் மெதுவோ அவர் முன்னால் நடக்கட்டும்.