பழைய ஸ்போர்ட்ஸ் கார்: முன்கூட்டியே மாற்றுவதா, பழுதாகும்வரை விட்டுவைப்பதா?

"ஓடுகிற வண்டியில் கை வைக்காதே" என்ற பேச்சை மெக்கானிக்குகளிடமும் கேட்கலாம், கார் வைத்திருப்பவர்களிடமும் கேட்கலாம். அன்றாடம் ஓடும் புதிய காருக்கு அது ஓரளவு பொருந்தும். 20 வயதைத் தாண்டிய ஸ்போர்ட்ஸ் காருக்கும் அதையே வேதவாக்காகக் கொள்வதில்தான் பெருஞ்செலவுகள் பல தொடங்குகின்றன. அதற்கு நேர்மாறாக, பழசாகக் கண்ணில் படும் ஒவ்வொன்றையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடத் துடிப்பதும் தவறுதான். இவ்விரண்டும் எல்லாப் பாகங்களையும் ஒரே தராசில் நிறுத்துவதால் வருபவை. ஒரு பாகம் போகும்போது தன்னோடு வேறு எதையெல்லாம் இழுத்துக்கொண்டு போகும், போவதற்கு முன் ஏதேனும் குரல் கொடுக்குமா என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்தால், எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது என்பது பெரும்பாலும் தானே விளங்கிவிடும்.

என்ஜினில் பிஸ்டன்களோடு இணைந்து சுழலும் கிராங்க்ஷாஃப்டையும், வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டையும் இணைக்கும் ரப்பர் பட்டையான டைமிங் பெல்ட்டையும், ஜன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்கும் மோட்டாரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மோட்டார் போனால் கண்ணாடி இறங்காது, அவ்வளவுதான். அது போகும்வரை காத்திருப்பதில் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் போர்ஷே 944 போன்ற காரில் ஓட்டத்தின் நடுவே டைமிங் பெல்ட் அறுந்தால், கேம்ஷாஃப்ட் அந்த நொடியே நின்றுவிட, கிராங்க்ஷாஃப்ட் மட்டும் வண்டியின் வேகத்தில் சுழன்றுகொண்டே இருக்க, திறந்தபடி நின்றுபோன வால்வுகளின் மேல் பிஸ்டன்கள் வந்து மோதும். ஒரு ரப்பர் பட்டைக்காக சிலிண்டர் ஹெட் முழுவதையும் கழற்ற வேண்டி வரும். அறுவதற்கு முதல் நாள்கூட அந்த என்ஜின் சீராகத்தான் ஓடியிருக்கும். ஆகவே "நன்றாகத்தானே ஓடுகிறது" என்பது பெல்ட்டின் நலத்துக்குச் சான்று ஆகாது. அதன் வயதுதான் கணக்கு.

இந்தக் கணக்குக்கு மிகவும் பேசப்பட்ட எடுத்துக்காட்டு, 1990களின் இறுதியில் வந்த போர்ஷே பாக்ஸ்டரிலும், டர்போ, ஜிடி3 நீங்கலான 996 வகை 911 கார்களிலும் உள்ள இடைத்தண்டு பேரிங். கிராங்க்ஷாஃப்டின் சுழற்சியைக் கேம்ஷாஃப்ட் சங்கிலிகளுக்குக் கொண்டுசேர்க்கும் தண்டின் ஒரு முனையைத் தாங்குகிற சிறிய பந்து பேரிங் அது. அதன் மூடி தளர்ந்து உள்ளிருக்கும் கிரீஸ் கரைந்துபோனால் பேரிங் தேயும், தண்டு ஆடும், சங்கிலியின் ஒழுங்கு குலைந்து, கடைசியில் இங்கும் வால்வும் பிஸ்டனும் மோதும். எல்லா என்ஜினிலும் இது நிகழ்வதில்லை, பெரும்பாலானவை தப்பித்துவிடுகின்றன என்பதும் உண்மை. ஆயினும் 2005 வரையிலான என்ஜின்கள் பெரும்பாலானவற்றில் கியர்பாக்ஸை இறக்கினாலே இந்தப் பேரிங்கை எட்டிவிடலாம். கிளட்ச் மாற்றுவதற்காக எப்படியும் கியர்பாக்ஸை இறக்கிவிட்டு, பேரிங்கைத் தொடாமல் மூடுவது கையில் வந்த வாய்ப்பை நழுவவிடுவதாகும். 2006 முதல் வந்த என்ஜின்களில் பேரிங் பெரிதாக்கப்பட்டது. அதை வெளியே எடுக்க என்ஜினையே பிளக்க வேண்டும். அந்த வண்டிக்காரர் அதைத் தொடாமல், கண்காணிப்போடு ஓட்டுவதே அறிவுடைமை. ஒரே நோய்க்கு இரண்டு ஆண்டு மாடல்களுக்கு இரண்டு தீர்ப்பு என்பதால்தான், எல்லோருக்கும் பொதுவான பட்டியலை நம்பி வேலை கொடுப்பது ஆபத்து.

அடுத்த தவறு, கிலோமீட்டரை மட்டும் பார்ப்பது. ஆண்டுக்கு ஆயிரம் இரண்டாயிரம் கிலோமீட்டரே ஓடும் காரின் ஓடோமீட்டர், அந்தக் காரைப் பற்றிப் பாதிக் கதையைத்தான் சொல்லும். ரப்பர் ஓடாமலும் மூப்படையும். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் ஹோஸை விரலால் அழுத்திப் பாருங்கள்: நல்ல ஹோஸ் அமுங்கி மீளும், மூப்படைந்தது ஒன்று கல்லாக நிற்கும், அல்லது உள்ளே எதுவோ நொறுங்குவதுபோல் கரகரக்கும். நடுப்பகுதி பளபளப்பாக இருந்தாலும், கிளாம்ப் இறுக்கும் ஓரத்தை மடக்கினால் முடிக்கோடு போன்ற வெடிப்புகள் வாய் திறக்கும். பெட்ரோல் ஹோஸிலும் இதே வெடிப்பு வரும். அங்கே விளைவு கசிவோடு நிற்காது, சூடான என்ஜினுக்கு மேல் தீயாகவும் முடியலாம் என்பதால், அதில் காத்திருப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.

பிரேக் ஆயிலும் அப்படித்தான். அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும். டாட் 4 தரத்தின்படி புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், 3.7 சதவீதம் நீர் சேர்ந்த நிலையில் அந்த வரம்பு 155 டிகிரிதான். மலைப்பாதையில் வேகமாக இறங்கும்போது ஆயில் கொதித்து ஆவியானால், பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. டயரில் பட்டன் தேயவில்லை என்று மகிழ்பவர்கள், அதன் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களைப் படிப்பதில்லை. 2312 என்றிருந்தால் அது 2012ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்த டயர். பிடிமானம் எப்போதோ போயிருக்கும்.

வெப்பமானி முள் நடுவில் நிற்கிறதே என்று நம்பியிருப்பதும் பலரை ஏமாற்றியிருக்கிறது. பல கார்களில் அந்த முள், வெப்பம் ஓரளவு ஏறி இறங்கினாலும் நடுவிலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. கூலன்ட் முழுதும் கசிந்துவிட்டால் சென்சார் திரவத்தில் மூழ்காமல் நிற்பதால், என்ஜின் கொதித்துக்கொண்டிருக்கையில் முள் இறங்கிக்கூடக் காட்டலாம். பிளாஸ்டிக்கால் ஆன கூலன்ட் தொட்டி, வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் ஆகியவற்றின் விலையை என்ஜின் கொதித்தால் போகும் ஹெட் கேஸ்கெட்டை (சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்புத் தகட்டை) மாற்றும் வேலையின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் அவற்றை முன்கூட்டியே மாற்றத் தயங்குவதில்லை.

இவ்வளவும் படித்துவிட்டு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிடலாம் என்று கிளம்புபவர்களுக்கு ஒரு பழைய செய்தி உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனின் கடலோரக் காவல் விமானங்களை ஆராய்ந்த உயிரியலாளர் சி. எச். வாடிங்டன், 50 மணி நேரத்துக்கு ஒருமுறை நடந்த கட்டாயப் பரிசோதனை முடிந்த உடனேதான் பழுதுகள் மிகுதியாக இருந்தன என்பதையும், பிறகு அடுத்த பரிசோதனைவரை அவை குறைந்துகொண்டே வந்தன என்பதையும் கண்டார். நன்றாக இருந்ததைக் கழற்றி மாட்டியதே பழுதை வரவழைத்திருக்கிறது. பழைய காரில் இது இன்னும் உண்மை: உடையக் காத்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகள், துருவேறி முறியும் போல்ட்டுகள், தொட்டாலே விரியும் ஒயர் உறைகள். போதாக்குறைக்கு, 25 ஆண்டு உழைத்த அசல் பாகத்தை எடுத்துவிட்டு, எங்கோ செய்த மலிவான நகலைப் போடுவதும் நடக்கிறது. புதியது சில மாதமாவது ஒழுங்காக ஓடிக்காட்டும்வரை அசலை ஒரு பெட்டியில் போட்டு வைத்திருங்கள். ஒரே நாளில் பத்துப் பாகங்களை மாற்றினால், மறுநாள் புதிதாகக் கேட்கும் சத்தம் எதிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க மெக்கானிக்கும் திணறுவார்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. ஃபெராரி 355இல் டைமிங் பெல்ட்டை மாற்ற என்ஜினையே இறக்க வேண்டும். அவ்வளவு கூலி கொடுத்து இறக்கிய பின், அப்போது மட்டுமே கைக்கெட்டும் ஹோஸ்களையும் ஆயில் சீல்களையும் கையோடு மாற்றிவிடுவது சிக்கனம்தான்.

விட்டுவைப்பது என்றால் மறந்துவிடுவது அன்று. ஆயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் பழைய ஃபில்டரை அறுத்து, மடிப்புகளை வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். அங்கே மின்னும் துகள்கள் காந்தத்தில் ஒட்டினால் இரும்பு, ஒட்டாமல் செம்பு நிறத்தில் மின்னினால் பெரும்பாலும் பேரிங் உலோகம். ஓட்டாமல் வைத்திருக்கும் காரை வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஆயிலிலும் சைலன்சரிலும் நீர் சேர்வதுதான் அதனால் மிஞ்சும். எடுத்தால் ஆயில் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டுங்கள்.

பழைய கார் வாங்கும்போது "பெல்ட் எல்லாம் மாற்றியாகிவிட்டது" என்று சொல்வார்கள். தேதியும் கிலோமீட்டரும் குறித்த ரசீது கைக்கு வராதவரை, அந்தப் பெல்ட் மாற்றப்படவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.