சுற்றுலாப் பாடத்திட்டத்தை வேலையோடும் அரசுக் கொள்கையோடும் பொருத்துவது எப்படி?

தமிழ்நாட்டில் சுற்றுலா, ஓட்டல் மேலாண்மைப் பட்டப்படிப்புகள் நடத்தும் பல கல்லூரிகளில் பாடத்திட்டத் திருத்தம் என்பது, பழைய பாடத்திட்டத்தை மேசைமேல் வைத்து, அலகுகளை முன்னும் பின்னும் நகர்த்தி, நூற்பட்டியலில் இரண்டு புதிய புத்தகங்களைச் சேர்ப்பதோடு முடிந்துவிடுகிறது. கூடவே ஒரு நட்சத்திர ஓட்டலோடு புரிந்துணர்வு ஒப்பந்தமும் போடப்பட்டு, கைகுலுக்கும் படம், கல்லூரிகளைத் தரமதிப்பிடும் ‘நாக்’ (NAAC) அமைப்புக்கான கோப்பில் ஏறிவிடும். அந்த ஓட்டல் நம் மாணவர்களில் எத்தனை பேரை வேலைக்கு எடுத்தது என்று அதே கோப்பில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. துறைத் தலைவராகவோ பாடத்திட்டக் குழு உறுப்பினராகவோ இருப்பவர்கள் இந்தத் திருத்தத்தை வேறு வரிசையில் செய்ய வேண்டும் என்பது என் கருத்து. முதலில் வேலையைப் பார்க்க வேண்டும். அடுத்து அந்த வேலையைத் தொடும் சட்டத்தையும் அரசின் கொள்கையையும் பார்க்க வேண்டும். பாடத்தை எழுதுவது கடைசியில்தான்.

வேலையைப் பக்கத்தில் நின்று பாருங்கள்

உங்கள் மாணவர்கள் உண்மையில் எங்கே வேலைக்குப் போகிறார்கள் என்பதைக் கடந்த மூன்று ஆண்டுப் பட்டியலை வைத்து முதலில் கணக்கிடுங்கள். நீலகிரியில் உள்ள கல்லூரிக்குக் காட்டேஜுகளும் ரிசார்ட்டுகளும், மாமல்லபுரத்தை ஒட்டிய கல்லூரிக்குக் கடற்கரை விடுதிகளும், கும்பகோணத்துக் கல்லூரிக்குக் கோயில் சுற்றுலா நடத்தும் டிராவல்ஸ்களும்தான் பக்கத்துக் களம். விமான டிக்கெட் முன்பதிவு மென்பொருளுக்கு ஒரு பருவம் முழுவதையும் கொடுத்துவிட்டு, வேன் வாடகைக் கணக்கை ஒரு மணி நேரம்கூடச் சொல்லித்தராத பாடத்திட்டம் கும்பகோணத்து மாணவருக்கு அதிகம் உதவாது.

மேலாளரிடம் போய் ‘எங்கள் மாணவர்களிடம் என்ன திறன் எதிர்பார்க்கிறீர்கள்?’ என்று கேட்டால், ‘நல்ல கம்யூனிகேஷன் வேண்டும், நல்ல ஆட்டிட்யூட் வேண்டும்’ என்ற பதில்தான் வரும். அதை வைத்து ஓர் அலகுகூட எழுத முடியாது. கடந்த ஆறு மாதங்களில் சேர்ந்த புதியவர்கள் எந்த இடத்தில் தடுமாறினார்கள், யார் எதனால் பாதியில் வேலையை விட்டுப் போனார்கள் என்று கேளுங்கள். அதற்குப் பிறகு ஆசிரியர் ஒருவர் மூன்று நாள் அங்கேயே இருந்து, புதிதாகச் சேர்ந்தவர் காலை முதல் இரவு வரை செய்யும் ஒவ்வொரு வேலையையும் வரிசையாக எழுதிக்கொள்ள வேண்டும்.

அப்படி எழுதினால் என்ன கிடைக்கும் என்பதற்கு, ஓட்டலின் வரவேற்புப் பகுதியான ஃப்ரண்ட் ஆபீஸ் நல்ல எடுத்துக்காட்டு. காலை ஆறு மணிக்கு இரண்டு வெளிநாட்டவர் வந்து நிற்கிறார்கள். இரவுப் பணியாளர் கணக்கை ஒப்படைத்துக்கொண்டிருக்க, பயிற்சியாளர் மட்டும் கவுன்ட்டரில் இருக்கிறார். கடவுச்சீட்டு, விசா, இந்தியாவுக்குள் நுழைந்த தேதி ஆகிய விவரங்களை எடுத்து, ‘சி ஃபார்ம்’ எனப்படும் படிவத்தை 24 மணி நேரத்துக்குள் இணையவழியில் குடிவரவு அதிகாரிகளுக்கு அனுப்பியாக வேண்டும். இந்தக் கடமை சிறு விடுதிக்கும் ஹோம்ஸ்டேவுக்கும் உண்டு. ஒருவரிடம் இருப்பது கடவுச்சீட்டில் ஒட்டிய விசா, மற்றவரிடம் இருப்பது இ-விசாத் தாள் என்றால், எந்த எண்ணை எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பயிற்சியாளர் திகைத்துவிடுகிறார். வகுப்பில் அவர் அறை வகைகளையும் கட்டணத் திட்டங்களையும் மனப்பாடம் செய்திருப்பார்; ஆனால் ஒரு விசாவைக் கையில் வைத்துப் படித்திருக்க மாட்டார். பெயரை மறைத்த மாதிரிப் பக்கங்களை வைத்து இரண்டு மணி நேரம் பழக்கினால் இந்தக் குறை தீர்ந்துவிடும்.

பயண ஏற்பாட்டுப் பாடத்துக்கு நவக்கிரகக் கோயில்களைவிடச் சிறந்த பயிற்சி எனக்குத் தெரியவில்லை. கும்பகோணத்திலிருந்து புறப்பட்டு ஒன்பது கோயில்களையும் ஒரே நாளில் தரிசிக்கும்படி நிகழ்ச்சி நிரல் தயாரிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான கோயில்கள் நண்பகலில் நடை சாத்தி மாலை நான்கு மணியளவில்தான் திறக்கும். திருநாகேஸ்வரத்தில் ராகு கால பாலாபிஷேகத்தைப் பார்க்க வேண்டும் என்று குடும்பத்தார் கேட்பார்கள். அந்த நேரமோ கிழமைக்குக் கிழமை மாறும். திருநள்ளாறு காரைக்காலில், அதாவது புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் இருப்பதால், வாடகை வண்டியின் பர்மிட் அங்கே செல்லுமா என்று பார்க்க வேண்டும். முழங்கால் வலியுள்ள பாட்டிக்கு எங்கே சக்கர நாற்காலி கிடைக்கும், நடை சாத்திய நேரத்தில் முப்பது பேருக்கு எங்கே சாப்பாடு, ஓட்டுநருக்கு எப்போது ஓய்வு என்று எல்லாவற்றையும் எழுதி, விலையும் போட்டுக் கொண்டுவரும் மாணவரை எந்த டிராவல்ஸும் மறுநாளே எடுத்துக்கொள்ளும்.

கொள்கையை வேலைக்குப் பக்கத்தில் எழுதுங்கள்

சுற்றுலாக் கொள்கை என்ற தலைப்பில் தனி அலகு வைத்து, ஐந்தாண்டுத் திட்டங்களின் வரலாற்றைப் படிக்க வைப்பதுதான் இன்றைய வழக்கம். அதற்கு மாறாக, மேலே எழுதிய பணிப் பட்டியலில் ஒவ்வொரு வேலைக்கும் எதிரே அதைக் கட்டுப்படுத்தும் சட்டம், விதி, ஆணை ஆகியவற்றை எழுதுங்கள். மலைச் சுற்றுலாப் பேக்கேஜ் விற்பவர், சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமானதையும், 2025 கோடையில் உதகைக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்ற வரம்பு வந்ததையும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் வாடிக்கையாளர் கல்லாறு சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு திட்டுவார். சமையலறை வேலைக்கு எதிரே, 25 உணவுப் பணியாளர்களுக்கு ஒருவர் வீதமாவது பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் இருக்க வேண்டும் என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் நிபந்தனை வரும். அந்தப் பயிற்சிக்கான சான்றிதழை மாணவர் படிக்கும்போதே பெறலாம்.

மலையேற்ற வழிகாட்டிப் பணியில் கொள்கையும் பயிற்சியும் எப்படிப் பிணைந்திருக்கின்றன என்பதைத் தெளிவாகக் காணலாம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, அந்த ஆண்டே மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசின் மலையேற்றத் திட்டமான ‘ட்ரெக் தமிழ்நாடு’ 40 பாதைகளை இணையவழி முன்பதிவுக்குத் திறந்தபோது, காட்டோரக் கிராமத்தினரும் பழங்குடியினரும் வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்றிருந்தார்கள். அந்தப் பயிற்சியில் பெரும்பாலான கல்லூரிகளுக்குப் பங்கில்லாமல் போனது நமக்கு உறைக்க வேண்டும்.

மாநில அரசின் 2023 சுற்றுலாக் கொள்கை சுற்றுலாவுக்குத் தொழில் தகுதி அளித்து, சாகசம், கிராமியம், மருத்துவம், கடற்கரை எனப் பல பிரிவுகளுக்கு முன்னுரிமை தந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு பாடம் வைக்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, உங்கள் மாவட்டத்தில் முதலீடு வரக்கூடிய ஒன்றிரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சிக் காலத்துக்குச் சட்டத்தின் துணை

மாணவரைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஓட்டல்களிடம் கெஞ்சுவதை நிறுத்தலாம். 1961-ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் (அப்ரன்டிஸ்) சட்டத்தின் கீழ், 2019-இல் திருத்திய விதிகளின்படி, ஒப்பந்தப் பணியாளர்களையும் சேர்த்து 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை எடுத்தாக வேண்டும். 120 பேர் வேலை செய்யும் ஓட்டலில் குறைந்தது மூன்று பேர். தேசியத் தொழில் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் உதவித்தொகையில் 25 விழுக்காட்டை, மாதம் 1,500 ரூபாய் வரை, ஒன்றிய அரசே கொடுக்கும். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி மனிதவள மேலாளரிடம் கொடுங்கள். பேச்சின் தொனியே மாறிவிடும். உதவித்தொகை தராமல் மாணவரைப் பாத்திரம் கழுவ மட்டும் வைத்துக்கொள்ளும் இடத்துக்கு அடுத்த ஆண்டு யாரையும் அனுப்பாதீர்கள்.

நாட்காட்டியையும் மாற்ற வேண்டும். உதகையில் ஏப்ரல் முதல் ஜூன் வரை சீசன். நமக்கோ ஏப்ரலில் பருவத் தேர்வு. மாமல்லபுரத்துக்கு வெளிநாட்டவர் அதிகம் வருவது டிசம்பரை ஒட்டிய குளிர் மாதங்களில். நம் மாணவர் போய்ச் சேர்வதோ மே மாதத்தில். ஆளில்லாத லாபியில் நாற்பது நாள் நின்றுவிட்டுத் திரும்பும் மாணவர் எதைக் கற்றிருப்பார்? தன்னாட்சிக் கல்லூரி என்றால் பயிற்சிப் பருவத்தையே சீசனுக்கு நகர்த்திவிடலாம். இணைப்புக் கல்லூரியால் மையப் பாடங்களைத் தொட முடியாது என்றாலும், மதிப்புக்கூட்டுப் பாடங்களும், பயிற்சி அறிக்கையின் வடிவமும், ‘நான் முதல்வன்’ திட்டத்தின் கீழ் வரும் படிப்புகளும் இருக்கின்றன. அங்கேயே தொடங்கலாம்.

மதிப்பீட்டில் பாதியையாவது களத்து மேற்பார்வையாளரிடம் விடுங்கள். சுற்றுலா, விருந்தோம்பல் திறன் கவுன்சில் ஒவ்வொரு பணிக்கும் வகுத்துள்ள தொழில்தரங்களை எடுத்துத் தமிழில் சுருக்கி, ‘செய்கிறார், உதவியோடு செய்கிறார், செய்யத் தெரியவில்லை’ என்ற மூன்று கட்டங்களில் குறிக்கும்படி ஒரே பக்கத் தாளாகக் கொடுத்தால் போதும். பத்துப் பக்கப் படிவத்தை யாரும் நிரப்ப மாட்டார்கள். படிப்பு முடிந்து ஆறாம் மாதமும் பதினெட்டாம் மாதமும் மாணவரைத் தொலைபேசியில் அழைத்து, எங்கே இருக்கிறார், என்ன சம்பளம், வேலையை விட்டிருந்தால் ஏன் என்று எழுதி வையுங்கள்.

இந்தத் தாள்களை வைத்துத்தான் பாடத்திட்டக் குழு கூட வேண்டும். குழுவில் தொழில்துறை இடத்துக்குப் பொது மேலாளரை அழைப்பதைவிட, புதியவர்களை நாள்தோறும் மேய்க்கும் ஷிஃப்ட் மேற்பார்வையாளரை அழைப்பது பயன் தரும். மாவட்டச் சுற்றுலா அலுவலர் ஒருவரும் இருக்கட்டும். கூட்டத்தைச் சனிக்கிழமையில் வைத்தால் ஓட்டல்காரர் வர மாட்டார். சீசன் இல்லாத மாதத்தில், செவ்வாய் அல்லது புதன்கிழமை, மதிய உணவு நெரிசல் அடங்கும் மூன்று மணிக்கு வையுங்கள்.